காட்டோரம் வீடு, இரண்டு நாய்கள், தீராத உண்ணி

மிளகுக்கொடி, தாண்டிக்குடி:

வணக்கம். தாண்டிக்குடிக்கு மேலே ஒரு காபித் தோட்டத்தில் குடியேறி எட்டு மாதம் ஆகிறது. வாசலில் சில்வர் ஓக், அப்புறம் உண்ணிச்செடிப் புதர், அதைத் தாண்டினால் காடு. கருவாயன் நாட்டு நாய், செம்பி சிப்பிப்பாறை. இரண்டும் காலையில் புதருக்குள் நுழைந்தால் மதியம்தான் திரும்புகின்றன.

தினமும் சாயங்காலம் ஒரு கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர் வைத்துக்கொண்டு உண்ணி பிடுங்குகிறேன். நேற்று கருவாயன் ஒருவனிடமே 41. காது மடிப்பு, விரலிடுக்கு, வாலடி என்று ஓரிடம் விடவில்லை. சில கொட்டமுத்து அளவுக்குப் பருத்திருந்தன. இரண்டு வாரம் முன்பு மருந்துக்கடையில் வாங்கிய ஃபிப்ரோனில் சொட்டு மருந்தை முதுகில் விட்டு, மறுநாள் நன்றாகக் குளிப்பாட்டினேன். ஒன்றும் குறையவில்லை. மண்ணெண்ணெய் தடவச் சொல்கிறார்கள் தோட்டத்து ஆட்கள். தடவலாமா?

இன்னொன்று. ராத்திரி டார்ச் அடித்தபோது, நாய் படுக்கும் மூலையில் எள்ளைவிடச் சின்னதாக ஏதோ சுவரில் வரிசையாக மேலே ஏறிக்கொண்டிருந்தது. செம்பி இரண்டு நாளாகச் சோறு தொடவில்லை, கூப்பிட்டால் வாலை மட்டும் ஆட்டுகிறாள். என் ஆறு வயது மகள் அவளைக் கட்டிக்கொண்டுதான் தூங்குவாள். பயமாக இருக்கிறது.

தோட்டக்காரி, ஏற்காடு:

தம்பி, மற்றதெல்லாம் அப்புறம். நாளைக் காலையில் முதல் வேலையாகச் செம்பியை டாக்டரிடம் கொண்டுபோங்கள். இப்போதே அவள் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். வெளுத்திருந்தால் விடியும்வரைகூடக் காத்திருக்காதீர்கள். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனாலும் அப்படித்தான்.

எங்கள் ராமு இப்படித்தான் சாப்பாட்டை விட்டான். வெயில் சூடு என்று நினைத்து மோர் ஊற்றிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் திண்ணையில் அவன் மூக்கிலிருந்து சொட்டுச் சொட்டாக ரத்தம். சிமென்ட் தரையில் அந்தச் சொட்டுகளைத் துடைத்தது இன்னும் கையில் இருக்கிறது. ரத்தம் உறைய உதவும் தட்டணு அடியோடு குறைந்துவிட்டது என்றார்கள். ஐந்தாம் நாள் போய்விட்டான். எர்லிக்கியா என்ற கிருமி, உண்ணி கடித்து வருவது. ஆரம்பத்திலேயே பிடித்தால் பெரும்பாலும் பிழைக்க வைக்கலாம். ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். டாக்ஸிசைக்ளின் எழுதிக் கொடுத்தால் வழக்கமாக 28 நாள். நாலாம் நாள் எழுந்து ஓடுகிறாள் என்று நிறுத்திவிடாதீர்கள். மாத்திரையைப் பாலில் கரைக்காமல் சோற்றோடு கொடுங்கள்.

மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம். தோல் வெந்துபோகும், நக்கினால் விஷம். கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக, மெதுவாக இழுங்கள். நகத்தில் வைத்து நசுக்காதீர்கள். சோப்புத் தண்ணீரை நம்பாதீர்கள், மூடி போட்ட பாட்டிலில் ஸ்பிரிட் ஊற்றி அதில் போடுங்கள். சொட்டு மருந்து விட்டால் முன்னும் பின்னும் இரண்டு நாள் குளிப்பாட்டக் கூடாது. நீங்கள் மறுநாளே கழுவிவிட்டீர்கள்.

சுவரில் பார்த்தவை உண்ணிக் குஞ்சுகளாகத்தான் இருக்கும். இனி உங்கள் சண்டை காட்டோடு இல்லை, வீட்டோடு. பழுப்பு நாய் உண்ணி வீட்டுக்குள்ளேயே குடும்பம் நடத்தும். பருத்த பெண் உண்ணி நாயிலிருந்து விழுந்து, சுவர் வெடிப்பில் ஆயிரக்கணக்கில் முட்டை போடும். குஞ்சாக ஒரு முறை, தோலுரித்து இன்னொரு முறை, பெரிதாகி மூன்றாம் முறை என்று நாய்மேல் ஏறி ஏறி இறங்கும். நடுவில் மாதக்கணக்கில் பட்டினி கிடக்கவும் அதனால் முடியும். நீங்கள் பிடுங்கும் 41-ஐப் போலப் பல மடங்கு அந்த மூலையில் இருக்கும். நாங்கள் வெடிப்பையெல்லாம் சிமென்ட் வைத்து அடைத்து, டெல்டாமெத்ரின் என்ற பூச்சிமருந்து அடித்து, இரண்டு வாரம் கழித்து மறுபடி அடித்தோம். காயும்வரை குழந்தையும் நாயும் உள்ளே வரக் கூடாது. அதோடு டாக்டரிடம் நாயின் எடை பார்த்து உண்ணிக்கான மாத்திரை கேளுங்கள். ஃப்ளூரலேனர் பன்னிரண்டு வாரம் தாங்கும், அஃபாக்சோலேனர் மாதம் ஒன்று. வலிப்பு வந்த நாய் என்றால் முன்பே சொல்லிவிடுங்கள்.

பட்டிக்காரன், அந்தியூர்:

மாட்டுக்கு அடிக்கும் மருந்தையே நாய்க்கும் அடிப்போம், நன்றாகக் கேட்கும்.

தோட்டக்காரி, ஏற்காடு:

அண்ணா, அளவு தெரியாமல் அடித்தால் நாய்க்கு நடுக்கம் வந்துவிடும். வீட்டில் பூனை இருந்தால் பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்தின் பக்கமே போகக் கூடாது, உயிருக்கே ஆபத்து.

தேயிலைமேடு, கூடலூர்:

பாப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை. தினமும் குளிக்கும்போது முழங்கால் மடிப்பு, அக்குள், தொடையிடுக்கு, காதுக்குப் பின்னால், தலைமயிர் எல்லாம் பாருங்கள். நாய்மேல் மருந்து வேலை செய்யும்வரை தனியாகப் படுக்க வையுங்கள். நம் ஊரில் உண்ணிக்காய்ச்சல் என்று சொல்வது பெரும்பாலும் புதரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சிக் குஞ்சு கடித்து வரும் ஸ்க்ரப் டைபஸ். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல் கறுப்புப் பொருக்கு இருக்கும், சிலருக்கு இருக்காது. காய்ச்சல் வந்தால் காட்டோரம் குடியிருக்கிறோம் என்பதை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள்.

எங்களுக்குப் பக்கத்தில் வயநாட்டில் குரங்குக் காய்ச்சல் வந்திருக்கிறது. 1957-ல் கர்நாடகத்தில் கியாசனூர் காட்டில் கண்டறிந்த நோய், அதையும் உண்ணிதான் பரப்புகிறது. அதனால் செத்த குரங்கைப் பார்த்தால் கிட்டே போகாமல் வனத்துறைக்குச் சொல்லிவிடுவோம்.

மிளகுக்கொடி, தாண்டிக்குடி:

அக்கா, ராத்திரியே ஈறைப் பார்த்தேன், லேசாக வெளுத்திருந்தது. விடியற்காலையிலேயே வத்தலக்குண்டுக்கு ஜீப்பில் இறங்கிவிட்டோம். ரத்தத்தில் எர்லிக்கியா இருக்கிறது, தட்டணு குறைவுதான், ஆனால் சரியான நேரத்தில் வந்தீர்கள் என்றார் டாக்டர். இன்று நாலாம் நாள். காலையில் அரைத் தட்டு சோறும் ஈரலும் சாப்பிட்டாள். கருவாயனுக்கும் மாத்திரை கொடுத்தாயிற்று.

வந்ததும் அவர்கள் படுக்கும் சாக்கைத் தூக்கினேன். அடியில் மரக்கட்டிலின் கால் இடுக்கில் அரிசிப்பொரி ஒட்டினதுபோல் வெளிறிய தோல் கூடுகள், நடுவே பழுப்பு நிறத்தில் முட்டைக் குவியல், பார்க்க ஜவ்வரிசித் துகள் மாதிரி. மகளை வெளியே அனுப்பிவிட்டேன். சாக்கைத் துவைத்து வெயிலில் போட்டால் போதுமா?

தோட்டக்காரி, ஏற்காடு:

ஈரல் சாப்பிட்டாள் என்று படித்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. சாக்கை எரித்துவிடுங்கள் தம்பி. தூக்கிக்கொண்டு போகும்போது உதறாதீர்கள், பிளாஸ்டிக் பையில் கட்டி எடுத்துப் போங்கள். கட்டில் கால் இடுக்கில் கொதிக்கும் தண்ணீர் ஊற்றிச் சுரண்டுங்கள். பதினான்காம் நாள் மறுபடி டார்ச் அடித்து அதே சுவரைப் பாருங்கள்.