புதுப்பிப்பு: சமையலறைக் கரப்பான் தொல்லை, ஆறு வாரத்துக்குப் பிறகு

தினமும் இரவு ஸ்பிரே அடித்தும் சின்னக் கரப்பான்கள் குறையவே இல்லை என்று முன்பு எழுதியிருந்தேன். வழி சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

தலைக்குப் பின்னால் இரண்டு கறுப்புக் கோடுகள், ஜெர்மன் கரப்பான் என்ற சின்ன வகைதான். அவை குடியிருந்தது ஃபிரிட்ஜின் பின்புறம், மோட்டாரை ஒட்டிய கதகதப்பான இடுக்கில். மிளகுத்தூளைச் சிந்தியதுபோல் எச்சம். ஒரு பெண் பூச்சி பின்பக்கம் பழுப்பு நிற முட்டைப்பையைச் சுமந்துகொண்டே ஓடியது. ஒரு பைக்குள் 30, 40 முட்டைகள் இருக்கும்!

ஸ்பிரேயை அடியோடு நிறுத்தினேன். அதன் வாடை இருந்தால் அவை மருந்து கலந்த இரையை அண்டாது. அந்த இரையாக ஜெல் மருந்தைக் கடுகளவாக அலமாரிக் கீல்களிலும் ஃபிரிட்ஜுக்குப் பின்னாலும், குழந்தையின் கை எட்டாதபடி வைத்தேன். இரவில் பாத்திரம் கழுவும் தொட்டியை ஈரமில்லாமல் துடைத்தேன். இதுதான் பெரிய வேலை.

மூன்றாம் வாரம் குஞ்சுகளைக் கண்டதும் மனம் உடைந்துவிட்டது. அவை புதிதாகப் பொரித்தவை என்று புரிந்ததும் மறுபடி மருந்து வைத்தேன்.

ஒட்டும் அட்டையில் முதல் இரவு சிக்கியவை 23. இந்த வாரம் முழுக்க ஒன்றுகூட இல்லை. அட்டையை இன்னும் இரண்டு மாதம் எடுக்கப்போவதில்லை.