மழைக்காலத்தில் எள்ளுக்கு எண்ணெய் குறைகிறது, கோனை இறுக்கலாமா?

உசிலம்பட்டிக்காரன்:
வீட்டோடு சின்ன எக்ஸ்பெல்லர் (ஸ்க்ரூ சுற்றி எண்ணெய் பிழிகிற மெஷின்) போட்டு எள், கடலை ஆட்டித் தருகிறேன். கோடையில் 10 கிலோ எள்ளுக்கு 4 லிட்டர் இறங்கும். ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து மூன்றரையைத் தாண்டவில்லை. எண்ணெய் கலங்கல், புண்ணாக்கும் தகடாக வராமல் கொழகொழவென்று வருகிறது. புண்ணாக்கு வெளியேறும் வாயைக் குறுக்குகிற கோனை இன்னும் இறுக்கிப் பார்க்கவா? மோட்டார் இப்பவே முனகுகிறது.

மேலூர் செக்கு:
தம்பி, கோனில் கை வைக்காதே. எள் ஈரம் குடித்திருக்கிறது, அவ்வளவுதான். ஈர எள் உள்ளே பசையாகி ஸ்க்ரூவோடு சேர்ந்து சுற்றும், முன்னே தள்ளாது, அழுத்தமும் ஏறாது. அதில் போய் இறுக்கினால் சூடுதான் ஏறும். எண்ணெய் கறுத்துத் தீய்ந்த வாடை அடிக்கும்.

ஒரு பிடி அள்ளிப் பார். விரலிடுக்கில் சலசலவென்று வழிய வேண்டும். உள்ளங்கையில் ஒட்டினால் அன்றைக்கு ஆட்டாதே. அதற்காகச் சருகாகக் காயவைத்தாலும் வம்புதான், புண்ணாக்கு பொடியாக உதிர்ந்து எண்ணெயில் மண்டி கட்டும். அப்புறம், எள் வழுக்குகிற ஜாதி. முன்பு ஆட்டிய புண்ணாக்கை நொறுக்கி ஒரு கை கலந்து விடு, ஸ்க்ரூவுக்குப் பிடிமானம் கிடைக்கும்.

உசிலம்பட்டிக்காரன்:
கருப்பட்டி போடலாமா அண்ணே?

மேலூர் செக்கு:
அது மரச்செக்குக்கு. உலக்கை நிமிடத்துக்குப் பத்துப் பதினைந்து சுற்றுதான் சுற்றும். எள் அரைபட்டதும் கருப்பட்டியும் கொஞ்சம் தண்ணீரும் சேர்த்தால் புண்ணாக்கு திரண்டு எண்ணெயை விடும். உன் மெஷினில் போட்டால் பாகாகி, ஸ்க்ரூவைச் சுற்றி எண்ணெய் வடிகிற கூண்டின் இடுக்கை அடைக்கும். கருப்பட்டி போட்டால் எண்ணெய் இனிக்கும் என்று நம்புகிற ஆட்கள் இருக்கிறார்கள். இனிப்பெல்லாம் புண்ணாக்கோடு போகிறது, மாடுதான் கொடுத்து வைத்தது.

ஒத்தக்கடை மாணவி:
ஈரத்தை அளந்தே பார்க்கலாம். 100 கிராம் எள்ளை 103 டிகிரி ஓவனில் எடை இறங்காமல் நிற்கும் வரை வையுங்கள். எத்தனை கிராம் குறைகிறதோ அத்தனை சதவீதம் ஈரம். எள்ளுக்கு 6 சதவீதத்தை ஒட்டி இருந்தால் நல்லது. லிட்டரை மட்டும் பார்க்காமல் புண்ணாக்கையும் எடை போடுங்கள். எள்ளில் ஏறக்குறைய பாதி எண்ணெய். 4 லிட்டர் என்பது 3.7 கிலோதான், மீதி ஒரு கிலோ போல புண்ணாக்கில் தங்குகிறது.

உசிலம்பட்டிக்காரன்:
சரிங்க. ஆனால் தன் எள்ளைக் கொண்டுவந்து இப்பவே ஆட்டு என்று நிற்கிறவர்களை என்ன செய்ய?

மேலூர் செக்கு:
ஒரு பிடியை அவர் கையிலேயே போட்டுக் காட்டு. அப்புறமும் ஆட்டச் சொன்னால், எண்ணெய் குறைந்தால் கேட்கக் கூடாது என்று முதலிலேயே பேசிவிட்டு ஆட்டு.