இன்கான்டினென்ட்: இந்தச் சொல்லை முதலில் எங்கே பார்த்தீர்கள்?

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து 12 நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். டிஸ்சார்ஜ் அன்று கொடுத்த தாளில் பிபி, சுகருக்கெல்லாம் கீழே 'இன்கான்டினென்ட்' என்று தனியாக ஒரு சொல். கான்டினென்ட் என்றால் கண்டம், அது தெரியும். வீட்டுக்கு வந்ததும் தாத்தாவின் பழைய அகராதியைப் புரட்டினேன். 'இச்சையடக்கமில்லாத, ஒழுக்கங்கெட்ட' என்று இருந்தது. அம்மாவுக்கு வயது 71. அப்பா போனபின் தனியாளாக நின்று எங்களை ஆளாக்கியவள். கை நடுங்கிவிட்டது. அண்ணனிடம்கூடக் காட்டாமல் தாளை மடித்து பீரோவில், புடவைக்கு அடியில் வைத்தேன்.

மூன்றாம் நாள் ஊசி போட வந்த நர்ஸிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "ஒண்ணுக்கு வந்தா அடக்க முடியலன்னு அர்த்தம்க்கா. வேற ஒண்ணுமில்ல" என்றாள். அப்படியே உட்கார்ந்து அழுதேன்.

பிறகு தேடிப் படித்தேன். லத்தீனில் 'தெனேரே' என்றால் பிடித்தல். 'கொன்தினேரே' சேர்த்துப் பிடித்தல், அடக்கி வைத்தல். விட்டுப்போகாமல் சேர்ந்திருக்கும் நிலம் என்பதால் கண்டத்துக்கும் அந்த வேரிலிருந்தே பெயர். முன்னே 'இன்' சேர்த்தால் அடக்க இயலாத. பழைய ஆங்கிலப் புத்தகங்களில் அது ஆசையை அடக்காதவரைக் குறித்தது. இன்றைய பேச்சில் பெரும்பாலும் சிறுநீர், மலம் பற்றி மட்டுமே. என் அகராதி அந்தப் பழைய காலத்தோடு நின்றுவிட்டது. நம் 'அடக்கம்' என்ற சொல்லும் இரண்டு பக்கமும் போகும்தான். ஆனால் ஆத்திரத்தை அடக்கினாலும் மூத்திரத்தை அடக்க முடியாது என்று நம் ஆட்கள் இரண்டையும் பிரித்துச் சொல்லிவிட்டார்கள். எது குணம், எது உடம்பு என்று அந்தப் பழமொழிக்குத் தெரிந்திருக்கிறது.

~

அக்கா, நான் இங்கிலாந்தில் முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறேன். ஷிஃப்ட் மாறும்போது தினமும் காதில் விழும் சொல் இது. 'இன்கான்டினென்ட் ஆஃப் யூரின்' என்று 'ஆஃப்' போட்டு எது என்று சொல்வோம். பிரேக் பிடிக்காத வண்டிக்கோ அடங்காத பிள்ளைக்கோ இதைச் சொல்லக் கூடாது. பெரியவர் கட்டிலில் இருக்கும்போது அவர் தலைக்கு மேலே சொல்லவும் கூடாது. முதல் வாரத்தில் நான் சொல்லிவிட்டேன். அவர் போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டார்.

~

எனக்கு இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு தும்மினால், இருமினால் கசிந்தது. நாலு வருஷம் வெளியே சொல்லவில்லை. டாக்டரம்மா 'ஸ்ட்ரெஸ் இன்கான்டினென்ஸ்' என்றார். "எனக்கு மனசுல ஒரு கவலையும் இல்லையே மேடம்" என்றேன். இங்கே ஸ்ட்ரெஸ் என்பது மனசு இல்லையாம். இருமும்போது வயிறு மூத்திரப் பையை அழுத்தும் அழுத்தம். அடியில் தாங்கும் தசை பிரசவத்தில் தளர்ந்திருந்தது. அதை இறுக்கி விடும் பயிற்சி கற்றுக்கொடுத்தார். 1948-இல் ஆர்னால்ட் கெகல் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதி வைத்த முறை, அதனால் கெகல் பயிற்சி என்றே பெயர். மூன்று மாதம் விடாமல் செய்தேன். இப்போது பஸ்ஸில் தும்மல் வந்தால் பயமில்லை.