உதவி: ரீநேம் டூலை ஏஜென்ட் வேறு ப்ராஜெக்ட்டில் ஓட்டிவிடுகிறது, விளக்கத்தில் என்ன எழுத வேண்டும்?

கேள்வி: காட்பாடியிலிருந்து ஒருவர்

வணக்கம். வேலூர் மாவட்டத்தை 2019-ல் மூன்றாகப் பிரிப்பதற்கு முன் திறந்த ப்ராஜெக்ட்கள் எங்கள் சிஸ்டத்தில் இன்னும் "வேலூர் - ஆம்பூர்", "வேலூர் - ஆற்காடு" என்றே கிடக்கின்றன. ஆம்பூர், வாணியம்பாடியைத் திருப்பத்தூர் பக்கமும், ஆற்காடு, அரக்கோணத்தை ராணிப்பேட்டை பக்கமும் மாற்றிப் பெயரிட வேண்டும். அதற்காக எம்சிபி (ஏஐ ஏஜென்ட்டுக்கு வெளி டூல்களை இணைக்கும் நெறிமுறை) சர்வரில் "ரீநேம்_ப்ராஜெக்ட்" டூலை வைத்து ஏஐ ஏஜென்ட்டுக்குக் கொடுத்திருக்கிறோம். டிஸ்கிரிப்ஷன் ஒரே வரி: "ப்ராஜெக்ட்டின் பெயரை மாற்றும்." உள்ளீடு "ப்ராஜெக்ட்", "நேம்", இரண்டும் ஸ்ட்ரிங் (எழுத்துச் சரம்).

திருப்பத்தூர் ப்ராஜெக்ட்டை மாற்றச் சொன்னால் சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூரை மாற்றிவிடுகிறது. ரிப்போர்ட் தலைப்பைத் திருத்தச் சொன்னாலும் இந்த டூலைத்தான் கூப்பிடுகிறது. "திருப்பத்தூர் தோல்" என்ற பெயருக்கு "இன்வேலிட் நேம்" என்று பிழை வருகிறது, ஏஜென்ட் அதே பெயரைத் திரும்பத் திரும்ப அனுப்புகிறது. சர்வரில் பெயரின் நீள வரம்பு 40. ஸ்கீமாவிலும் (உள்ளீடு எப்படி இருக்க வேண்டும் என்ற விதிகள்) மேக்ஸ்லெங்த், அதாவது அதிகபட்ச நீளம், 40. சர்வர் கோ மொழியில்.

பதில்: ராணிப்பேட்டை

முதல் இரண்டும் விளக்கம் போதாததால் வருவது. டூலைத் தேர்ந்தெடுக்கும்போது ஏஜென்ட் முன்னால் இருப்பது டூல் பெயர், டிஸ்கிரிப்ஷன், இன்புட் ஸ்கீமா மட்டும்தான். உங்கள் விக்கியில் பக்கம் பக்கமாக எழுதியிருந்தாலும் அது அங்கே போய்ச் சேராது. டிஸ்கிரிப்ஷனை இப்படி மாற்றிப் பாருங்கள்:

"ஏற்கெனவே உள்ள ஒரு ப்ராஜெக்ட்டின் காட்சிப் பெயரை மட்டும் மாற்றும். ஐடி, லிங்க், உள்ளிருக்கும் ஃபைல்கள் மாறாது. ரிப்போர்ட் தலைப்பு, ஃபோல்டர் பெயர் ஆகியவற்றுக்கு இதைப் பயன்படுத்தாதே. ஐடி தெரியாவிட்டால் முதலில் லிஸ்ட்_ப்ராஜெக்ட்ஸ் டூலைக் கூப்பிடு. ஒன்றுக்கு மேல் பொருந்தினால் மாவட்டத்தைச் சொல்லிப் பயனரிடம் கேள். நீயாக ஒன்றைத் தேர்ந்தெடுக்காதே."

எதற்குப் பயன்படுத்தக் கூடாது என்ற வரியை விட்டுவிடாதீர்கள். தலைப்புக் குழப்பத்தை அதுதான் தீர்க்கும்.

"ப்ராஜெக்ட்" என்ற பெயரே ஏஜென்ட்டைப் பெயர் அனுப்பத் தூண்டுகிறது. அதை "ப்ராஜெக்ட்_ஐடி" ஆக்கி, உங்கள் ஐடியின் வடிவத்தை ஸ்கீமாவில் பேட்டர்னாக (பொருந்த வேண்டிய எழுத்து அமைப்பாக) கொடுங்கள். ஊர்ப்பெயர் வந்தால் வாசலிலேயே நின்றுவிடும். "நேம்" பழைய பெயரா புதிய பெயரா என்று தெரியவில்லை. "புதிய_பெயர்" என்று வையுங்கள். மூன்றாவதாக "தற்போதைய_பெயர்" என்றும் ஒன்றைக் கட்டாயமாகக் கேளுங்கள். ஐடிக்கு உரிய பெயரும் அதுவும் ஒத்துவராவிட்டால் சர்வர் மறுக்கட்டும்.

பதில்: ஆம்பூர்

"இன்வேலிட் நேம்" என்று வருவது நீளப் பிழை. அதை விளக்கம் எழுதித் தீர்க்க முடியாது சார், அது கோடில் இருக்கிறது. ஜேசன் ஸ்கீமாவின் மேக்ஸ்லெங்த் யூனிகோட் குறியீடுகளை எண்ணும். கோ மொழியின் லென் ஸ்ட்ரிங்கில் பைட்களை எண்ணும். யுடிஎஃப்-8-ல் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட். "திருப்பத்தூர்" நம் கண்ணுக்கு 7 எழுத்து, குறியீடுகள் 13, பைட் 39. இடைவெளியும் "தோல்" என்பதும் சேர்ந்தால் 18 குறியீடு, 52 பைட். ஸ்கீமா விட்டுவிடுகிறது, சர்வர் தடுக்கிறது. லென் இருக்கும் இடத்தில் யுடிஎஃப்8 பேக்கேஜின் ரூன்கவுண்ட்இன்ஸ்ட்ரிங் போடுங்கள், அது குறியீடுகளை (கோ மொழியில் இவற்றுக்கு ரூன் என்று பெயர்) எண்ணும். டேட்டாபேஸ் நெடுவரிசையின் வரம்பும் பைட் கணக்கில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

"தோல்" என்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஓகாரக் குறி ஒரே குறியீடாகவும் வரலாம், ஏகாரக் குறியும் துணைக்காலும் என இரண்டாகவும் வரலாம். திரையில் வித்தியாசமே தெரியாது, ஒப்பிட்டால் பொருந்தாது. ராணிப்பேட்டை நண்பர் சொன்ன "தற்போதைய_பெயர்" சோதனை இதில் அடிபடும். ஒப்பிடும் முன்பும் சேமிக்கும் முன்பும் என்எஃப்சி (இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோட் வடிவம்) வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள், முன்பின் இடைவெளியை வெட்டுங்கள்.

திரும்பத் திரும்ப அனுப்புவதற்குக் காரணம் பிழைச்செய்தி. "இன்வேலிட் நேம்" என்றால் எதைத் திருத்துவது என்று ஏஜென்ட்டுக்குத் தெரியாது. "புதிய_பெயர் 46 குறியீடு, வரம்பு 40. சுருக்கி அனுப்பு" என்று எண்ணோடு சொல்லுங்கள். "இந்தப் பெயர் ஏற்கெனவே உள்ளது" என்றால் அந்த ப்ராஜெக்ட்டின் ஐடியையும் கொடுங்கள். இவற்றை ஜேசன்-ஆர்பிசி (எம்சிபி செய்திகள் போய்வரும் நெறிமுறை) எர்ராக அனுப்பாமல், டூல் ரிசல்ட்டிலேயே இஸ்எர்ரர் ட்ரூ என்று வைத்து அனுப்புங்கள். அப்போதுதான் மாடல் படித்துத் திருத்திக்கொள்ளும்.

காட்பாடி

ரொம்ப நன்றி. ரூன் எண்ணிக்கைக்கு மாற்றியதும் பெயர் ஏறிவிட்டது. ஆனால் "தற்போதைய_பெயர்" சேர்த்த பிறகு புதிதாக ஒன்று: டைம்அவுட் ஆகி ஏஜென்ட் மறுபடி கூப்பிட்டால், பெயர் ஏற்கெனவே மாறியிருப்பதால் "ஒத்துவரவில்லை" என்று வருகிறது. டெஸ்ட்ரக்டிவ்ஹின்ட் (டூல் இருப்பதை அழிக்கக்கூடும் என்று சொல்லும் குறிப்பு) ஃபால்ஸ் என்று போடலாமா?

பதில்: ராணிப்பேட்டை

சோதனை வரிசையை மாற்றுங்கள். இப்போதிருக்கும் பெயரும் புதிய_பெயரும் ஒன்றா என்று முதலில் பாருங்கள். ஒன்றானால் "ஏற்கெனவே இந்தப் பெயர்தான், மாற்றம் இல்லை" என்று வெற்றியாகவே திருப்புங்கள். அதன் பிறகுதான் தற்போதைய_பெயர் சோதனை. இப்படிச் செய்தால் ஐடெம்பொடென்ட்ஹின்ட் (அதே உள்ளீட்டோடு மறுபடி கூப்பிட்டாலும் கூடுதல் விளைவு இல்லை என்ற குறிப்பு) ட்ரூ என்று தைரியமாகப் போடலாம்.

டெஸ்ட்ரக்டிவ்ஹின்ட்டை ஃபால்ஸ் ஆக்காதீர்கள். புதிதாகச் சேர்ப்பது மட்டுமே செய்யும் டூலுக்குத்தான் ஃபால்ஸ். இது பழைய பெயரை அழித்து எழுதுகிறது. ஒன்றும் போடாவிட்டாலும் ட்ரூ என்றே கொள்ளப்படும். இவை குறிப்புகள்தான், பூட்டு அல்ல. யார் பெயர் மாற்றலாம் என்பதைச் சர்வர்தான் சோதிக்க வேண்டும். வெற்றிச் செய்தியில் வெறும் "ஓகே" வேண்டாம்: ஐடி, பழைய பெயர், புதிய பெயர் மூன்றையும் திருப்புங்கள். மாற்றியதைத் திரும்பப் பழையபடி ஆக்கச் சொன்னால் ஏஜென்ட்டுக்கு அதுதான் கைகொடுக்கும்.