நிரல் எழுதத் தெரியாதவருக்கு லிப்ரே ஆபீஸில் வேலை உண்டா?

குழு நண்பர்களுக்கு வணக்கம். தேவகோட்டையில் தட்டச்சுக் கடை நடத்துகிறேன். கல்யாணப் பத்திரிகை, மொய்க் கணக்கு, எப்போதாவது ஓர் இசைகுடிமான (நகரத்தார் திருமண ஒப்பந்த ஏடு) நகல் என எல்லாமே லிப்ரே ஆபீஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளில்தான் நடக்கிறது. காசு கொடுக்காமலே பிழைத்தாயிற்று. என் பங்குக்கும் ஏதாவது செய்ய வேண்டும். அந்த மென்பொருள் பெரும்பாலும் சி பிளஸ் பிளஸ் என்ற நிரல்மொழியில் எழுதப்பட்டது. அதை இந்த வயதில் கற்கும் உத்தேசம் இல்லை.

வெப்லேட் என்ற மொழிபெயர்ப்புத் தளத்தில் அதன் பட்டியல்களையும் (மெனு) உதவிப் பக்கங்களையும் தமிழாக்கலாம் என்று அறிந்தேன். எனக்குப் பிடித்தது வேறு வேலை: பக்சில்லா என்ற பிழைப்பதிவுத் தளத்தில் பிறர் பதிந்த பிழையைப் புதிய பதிப்பில் செய்து பார்த்து, இன்னமும் வருகிறதா என்று எழுதுவது. படிப்படியாக என்ன செய்தோம், எந்தப் பதிப்பு, எந்த இயங்குதளம் என்று குறித்து, மாதிரிக் கோப்பையும் இணைக்க வேண்டுமாம். தமிழ் எழுத்துருக்களோடும் அச்சுப்பொறியோடும் அன்றாடம் மல்லுக்கட்டும் எனக்கு இது பொருந்தும். (நன்கொடையும் அனுப்பலாம், அதற்கு முகூர்த்த மாதம் வரட்டும்.)

கேட்க வேண்டியது இதுதான். சோதனைப் பதிப்பை நிறுவினால் கடைக் கணினியில் உள்ள வேலைப் பதிப்பு கெடுமா? வாடிக்கையாளர் பெயர், தொகை உள்ள கோப்பை எப்படி மாற்றி இணைப்பது? அறிக்கையை ஆங்கிலத்தில் எழுத வேண்டும்; என் ஆங்கிலம் ரசீது போடும் அளவுக்குத்தான். முதல் சில அறிக்கைகளைத் திருத்தித் தர யாராவது முன்வருவீர்களா? காரைக்குடி, கோட்டையூர்ப் பக்கம் இருப்பவர்கள் ஞாயிறு பிற்பகல் கடைக்கே வரலாம்.