அப்டேட்: கட்டை விரல் வீக்கம், 4 மாசத்துக்கு அப்புறம்

அன்னிக்கு நடுராத்திரில கால் கட்டை விரல் செக்கச்செவேல்னு வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போகுதுன்னு புலம்பியிருந்தேன்ல, பாதி பேர் சுளுக்குன்னீங்க, ரெண்டு பேர் கவுட், அதாவது ரத்தத்துல யூரிக் ஆசிட் ஏறி மூட்டுல படிகமா படியற வாதம்னு சொன்னீங்க. கவுட்டேதான்.

கூத்து என்னன்னா வலி இருந்த அன்னிக்கு எடுத்த டெஸ்ட்ல யூரிக் ஆசிட் நார்மல், அத பாத்துட்டு முதல் டாக்டர் எங்கயோ இடிச்சிருப்பீங்கன்னு அனுப்பிட்டாரு. அட்டாக் நேரத்துல அளவு குறைச்சலா காட்டலாமாம், 3 வாரம் கழிச்சு எடுத்தா 8.9, ரொம்ப அதிகம்.

வீட்ல உடனே பருப்பு, கீரை எல்லாம் கட். ரெண்டாவது டாக்டர் சிரிச்சுட்டாரு, அது பிரச்சனையே இல்ல, சனிக்கிழமை பீரும் ஈரல் வறுவலும் அதுக்கு மேல கூல்ட்ரிங்க்ஸும்தான்னாரு. கூல்ட்ரிங்க்ஸ் எனக்கு புதுசு, சர்க்கரைல பாதி ஃப்ரக்டோஸ், அது நம்ம ஈரல்ல உடையறப்ப யூரிக் ஆசிட் உண்டாகுமாம். வெயிட்டும் குறைக்கணும், ஆனா பட்டினி கிடந்தா இன்னும் ஏறும், மெதுவாதான். 91ல இருந்து 86 வந்திருக்கேன்.

யூரிக் ஆசிட் குறைக்கிற மாத்திரை ஆரம்பிச்ச மூணாவது வாரம் மறுபடி வீங்கிடுச்சு, கடுப்பாகி நிறுத்தப் பாத்தேன். மூட்டுல படிஞ்ச பழைய படிகம் கரையறப்ப அப்படி ஆகும், நிறுத்தாதீங்கன்னு டாக்டர் திட்டி வலிக்கு வேற மாத்திரை குடுத்தாரு. யூரிக் ஆசிட் 6க்கு கீழ வரணும், போன வாரம் 5.8.

பீர விட்டதுல நண்பர்கள்தான் வருத்தத்துல இருக்காங்க, இப்ப நான்தான் அவங்களுக்கு டிரைவர்.