கன் ஷோவில் பழைய லீவர் ரைஃபிள்: வின்செஸ்டரா, மார்லினா?

கரிசல்காரன் (சனி இரவு)

ஒஹாயோவில் இருக்கிறேன். கிரீன் கார்டு வந்து எட்டு மாதம். வேட்டைப் பயிற்சி வகுப்பு முடித்து லைசென்ஸும் எடுத்துவிட்டேன். இன்று ஆபீஸ் நண்பரோடு பக்கத்துச் சின்ன ஊர் கன் ஷோவுக்கு (துப்பாக்கிச் சந்தை) போனேன். கவுண்டி ஃபேர் சமயத்தில் மாடு கட்டுகிற கொட்டகை அது. தரையில் இன்னும் வைக்கோல் வாசம். பாதி மேஜைகளில் துப்பாக்கியே இல்லை. கத்தி, பழைய காசு, மாட்டு வற்றல்.

கடைசி வரிசையில் ஒரு பெரியவர் இரண்டே இரண்டு ரைஃபிளோடு உட்கார்ந்திருந்தார். ட்ரிக்கருக்குக் கீழே இருக்கும் லீவரை இறக்கி ஏற்றித் தோட்டா ஏற்றுகிற வகை. ஒன்று வின்செஸ்டர் 94, .30-30 (அது தோட்டா வகை), 650 டாலர். கையில் எடுத்ததும் கீழே வைக்க மனம் வரவில்லை. அத்தனை ஒல்லி. சீரியல் நம்பர் 34 லட்சத்துச் சொச்சம். ரிசீவரில் (குழலுக்குப் பின்னால் இருக்கும் உலோகக் கூடு) மட்டும் கறுப்பு நிறம் பெயின்ட் மாதிரி செதில் செதிலாக உரிந்திருக்கிறது. குழலில் அப்படி இல்லை. குழல் உள்ளே பளபளவென்று இருந்தது.

நாலு மேஜை தள்ளி ஒரு டீலரிடம் மார்லின் 336, அதுவும் .30-30, 725 டாலர். கொஞ்சம் கனம். மேலே மூடிய ரிசீவர்.

பெரியவர், "ஃபார்ம் எல்லாம் வேண்டாம், ஒஹாயோ டிரைவிங் லைசென்ஸைக் காட்டிவிட்டுப் பணத்தைக் கொடு, போதும்" என்கிறார். இது சரிதானா? எது நல்லது? என்னென்ன பார்க்க வேண்டும்? தேங்க்ஸ்கிவிங் முடிந்த திங்கட்கிழமை ஆரம்பிக்கும் மான் வாரத்துக்கு நண்பர் கூப்பிட்டிருக்கிறார், அதற்காகத்தான். ஷோ நாளை மதியம் 3 மணி வரைதான்.

மான்கொம்பு

முதலில் ஒரு கெட்ட செய்தி. ஒஹாயோவில் .30-30 வைத்து மான் சுடக் கூடாது. இங்கே மானுக்கு ரைஃபிள் என்றால் நேர்ச்சுவர்த் தோட்டா மட்டும்தான், குறுக்களவு .357 அங்குலத்திலிருந்து .50 வரை. அதாவது தோட்டாவின் பித்தளைக் கூடு அடியிலிருந்து நுனி வரை நேராகப் போக வேண்டும். .30-30 தோட்டாவை எடுத்துப் பாருங்கள், பாட்டில் மாதிரி தோள் இறங்கிக் கழுத்து குறுகியிருக்கும். .45-70, .44 மேக்னம், .357 மேக்னம் எல்லாம் சரி. லீவரேதான் வேண்டும் என்றால் .44-இல் மார்லின் 1894 தேடுங்கள். ஆனால் 700 டாலருக்குள் தேடாதீர்கள், கண் வலிக்கும்.

பழைய இரும்பு

தம்பி, மேலே சொன்னது சரி. ஆனால் பென்சில்வேனியா, மேற்கு வர்ஜீனியா, கென்டக்கி மூன்றும் உனக்குப் பக்கம்தான். அங்கே மானுக்கு .30-30 தாராளமாக ஓடும். அதனால் ரைஃபிளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன்.

"உள்ளே பளபள" என்று எழுதியிருக்கிறாய் பார், அங்கேதான் நான் 1997-இல் விழுந்தேன். நானும் 94-தான் வாங்கினேன், இதே மாதிரி ஒரு கொட்டகையில். குழல் கண்ணாடி போல மின்னியது. வீட்டுக்கு வந்து உலர்ந்த துணியை ஒருமுறை இழுத்தேன், எண்ணெய் முழுக்கத் துணியோடு வந்துவிட்டது. அடியில் அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாகத் துரு. மினுக்கியது எண்ணெய்தான். எனவே நாளைக்கு ஒரு இழுவைக் கயிறு (துணி கோத்துக் குழலுக்குள் விட்டு இழுப்பது) கொண்டு போ. "ஒரு தடவை இழுத்துப் பார்க்கலாமா?" என்று கேள். மாட்டேன் என்றால் நன்றி சொல்லிவிட்டு நட.

துடைத்த பிறகு லீவரைத் திறந்து, உள்ளே சின்ன வெள்ளைத் தாளைச் செருகி, அதன் மேல் போன் வெளிச்சத்தை அடி. குழல் வாய்ப்பக்கமிருந்து பார். 94-ஐப் பின்னாலிருந்து பார்க்க வழியில்லை, துடைப்பதும் வாய்ப்பக்கமிருந்துதான். ஐம்பது வருடம் கம்பி விட்டு விட்டு வாயோரம் தேய்ந்திருக்கும். குழலுக்குள் சுருளாக ஓடும் வரிப்பள்ளம் வெளியே வந்து முடிகிற அந்த ஓரம் சுற்றிலும் ஒரே கூர்மையாக இருக்கிறதா என்று பார். ஒரு பக்கம் மழுங்கியிருந்தால் குண்டு கோணலாகத்தான் போகும். 336-இல் இந்தத் தொல்லை கிடையாது. லீவர்த் திருகு ஒன்றைக் கழற்றினால் லீவர் வந்துவிடும், குழலின் பின்வாயை மூடும் போல்ட்டைப் பின்னால் உருவிவிடலாம். பின்னாலிருந்தே பார்க்கலாம், துடைக்கலாம். (எஜெக்டர் என்று ஒரு சின்னத் துண்டு கூடவே நழுவும். என்னுடையதை ஒருமுறை கார்ப்பெட்டில் அரை மணி நேரம் தேடினேன்.)

அப்புறம் திருகுகள். காடி சிதைந்திருந்தால், பொருந்தாத ஸ்க்ரூடிரைவரோடு யாரோ உள்ளே புகுந்திருக்கிறார்கள். உள்ளே என்ன செய்தார்களோ, உனக்குத் தெரியாது.

ஹாமருக்கு நம் ஊர்ப் பெயர் குதிரை. அதைச் சோதிக்க அனுமதி கேள். ஷோ வாசலில் துப்பாக்கியில் போட்ட பிளாஸ்டிக் பட்டையை அவர்கள்தான் வெட்ட வேண்டும். காலியா என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டு, குதிரையை முழுதாகப் பின்னுக்கு இழுத்து, ட்ரிக்கரைத் தொடாமல் பின்னாலிருந்து கட்டைவிரலால் அழுத்து. விழுந்தால் வேண்டாம். அரைக்குதிரையில் (குதிரை பாதி தூரத்தில் நிற்கும் பாதுகாப்பு நிலை) நிறுத்தி ட்ரிக்கரை இழு, அசையக் கூடாது. லீவரை ஒரு விரற்கடை திறந்து வைத்து ட்ரிக்கரை இழு, அப்போதும் ஒன்றும் நடக்கக் கூடாது. இந்த மூன்றும் ஒரு நிமிட வேலை.

தோளில் வைக்கும் மரப் பின்கட்டை ரிசீவரோடு சேரும் இடத்தில் மயிரிழைக் கீறல் இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்.

இப்போது அந்தச் செதில். வின்செஸ்டர் 1964-இல் செலவைக் குறைக்கப் பல பாகங்களை மாற்றியது. 27 லட்சத்துக்கு மேல் சீரியல் என்றால் அந்த மாற்றத்துக்குப் பிந்தியது. அந்தக் கால ரிசீவரின் உலோகத்தில் நீலநிறம் (நீ கறுப்பு என்று சொன்ன அந்தப் பூச்சுதான்) ஒட்டாது, உரியும். வழக்கமான முறையில் மறுபடி நிறமேற்றினால் ஊதாவாகப் போய்விடும். சுடுவதற்கு அதனால் ஒரு குறையும் இல்லை. ஆனால் "64-க்கு முந்தையது" விலையை அதற்குக் கொடுக்காதே.

மார்லினில் குழலின் இடப்பக்கம், ரிசீவர் ஓரத்தில் முட்டை வடிவத்துக்குள் ஜேஎம் முத்திரை தேடு. பழைய கனெக்டிகட் தொழிற்சாலையின் அடையாளம் அது. பின்னால் ரெமிங்டன் கைக்குப் போய் நியூயார்க்குக்கு இடம் மாற்றிய ஆரம்ப வருடங்களில் செய்தவற்றில் மரமும் உலோகமும் சரியாகப் பொருந்தவில்லை என்று நிறையப் பேர் திட்டினார்கள், நானும் ஒருவன். சீரியலின் முதல் இரண்டு எண்ணை நூறிலிருந்து கழி, வருடம் வரும். 1973-க்குப் பிந்தியவற்றுக்கு மட்டும்தான் இந்தக் கணக்கு.

எது என்று கேட்டால் மார்லின். நானே 94-ஐத்தான் அதிகம் தூக்கிக்கொண்டு அலைகிறேன், அது வேறு கதை.

தாள்காரன்

ஃபார்ம் விஷயம். விற்பவரும் வாங்குபவரும் ஒஹாயோவாசிகள், விற்பவர் டீலர் இல்லை என்றால், இங்கே 4473 ஃபார்மும் (டீலரிடம் துப்பாக்கி வாங்கும்போது நிரப்பும் ஃபெடரல் ஃபார்ம்) பின்னணிச் சோதனையும் கட்டாயமில்லை. ஆனால் அவர் வேறு மாநிலத்துக்காரர் என்றால் கதையே மாறும். இரண்டு மாநிலத்துத் தனியாட்கள் நேரடியாகக் கைமாற்றுவது ஃபெடரல் சட்டப்படி குற்றம், லைசென்ஸ் உள்ள டீலர் வழியாகத்தான் போக வேண்டும். உங்கள் லைசென்ஸைக் கேட்டார் அல்லவா, நீங்களும் அவருடையதைக் கேளுங்கள்.

கிரீன் கார்டுக்குத் தடையில்லை. டீலரிடம் வாங்கினால் ஃபார்மில் ஏலியன் நம்பர் எழுத வேண்டும், அடையாள அட்டையில் இப்போதைய முகவரி இருக்க வேண்டும். இதைப் படிக்கும் எச்1பி மக்களுக்கு: உங்கள் விஷயம் வேறு. துப்பாக்கி வைத்திருப்பதே பொதுவாகத் தடை. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. வக்கீலிடம் கேட்காமல் தொடாதீர்கள்.

கரிசல்காரன் (ஞாயிறு இரவு)

எல்லோருக்கும் நன்றி. காலையிலேயே போய்விட்டேன். பெரியவரிடம், "உங்கள் லைசென்ஸையும் பார்க்கலாமா?" என்றேன். சிரித்துக்கொண்டே எடுத்துக் காட்டினார். இண்டியானா! "முப்பது வருஷமா இந்த ஷோவுக்கு வர்றேன், யாரும் கேட்டதில்லை" என்றார். டீலர் மேஜையில் எழுதிக்கொள்ளலாம் என்று சொன்னதற்கு ஒப்புக்கொள்ளவில்லை. கோபமெல்லாம் இல்லை, ரைஃபிளைத் திரும்ப வாங்கி அதன் துணியில் வைத்துவிட்டார். துணி விட்டுப் பார்க்கும் அளவுக்கே போகவில்லை. குழல் எப்படி இருந்ததோ.

மார்லின் டீலர் நல்ல மனிதர். இழுவைக் கயிற்றைப் பார்த்ததும், "யாரோ சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்" என்றார். துணி கொஞ்சம் கறுப்பாக வந்தது, உள்ளே வரிகள் சுத்தமாக இருந்தன. ஜேஎம் இருக்கிறது. சீரியல் 24-இல் ஆரம்பம், அப்படியென்றால் 1976. குதிரைச் சோதனை மூன்றிலும் தேறியது. பின்கட்டையில் ஒரு கீறல், ஆனால் அது அடிபட்ட தழும்பு, வெடிப்பு இல்லை. 690-க்கு இறங்கினார். இந்த வருட மானுக்கு நண்பரின் ஷாட்கன்னையே கடன் வாங்கிக்கொள்கிறேன்.

4473 எழுதிக் கொடுத்தேன். பின்னணிச் சோதனையின் பதில் "டிலேய்ட்" (தாமதம்) என்று வந்தது. மூன்று வேலைநாளுக்குள் ஒன்றும் வராவிட்டால் கொடுக்கலாமா என்பதை அப்போது முடிவு செய்வேன் என்று டீலர் சொல்லியிருக்கிறார். ரைஃபிள் அவர் கடைப் பெட்டகத்தில் இருக்கிறது, ரசீது என் பர்ஸில். காத்திருக்கும்போது தோட்டாவாவது வாங்கி வைக்கலாமா? கூர்முனைக் குண்டு தூரம் போகும் என்றான் நண்பன்.

பழைய இரும்பு

நண்பன் பேச்சை விடு. குழாய் மேகசினில் (குழலுக்குக் கீழே தோட்டாக்கள் வரிசையாகப் படுத்திருக்கும் குழாய்) ஒரு குண்டின் மூக்கு முன்னால் இருக்கும் தோட்டாவின் பிரைமர் (அடித்தால் தீப்பற்றும் அடிப்பொட்டு) மேல்தான் உட்காரும். உலோகக் கூர்முனை அங்கே ஊசி மாதிரி, குத்தினால் உள்ளேயே வெடிக்கலாம். தட்டைமுனையோ உருண்டைமுனையோ வாங்கு. கூர்முனையேதான் வேண்டும் என்றால், லீவருக்கென்றே மென்மையான ரப்பர் போன்ற நுனியோடு ஹார்னடி என்ற தோட்டா கம்பெனி விற்கிறது. 690 நல்ல விலை. புதன்கிழமை போன் வந்தால் இங்கே ஒரு வரி எழுது.